புதுப்பிப்பு: ஓடும் ஆம்புலன்ஸில் பிபி கேட்காத பிரச்சினை

ஓடும் ஆம்புலன்ஸில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் எஞ்சின் இரைச்சல்தான் கேட்கிறது, ஒருநாள் சீனியரிடம் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேனோ என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பாராமெடிக் பயிற்சியில் அது எனக்கு மூன்றாவது வாரம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'காதை விடு, விரலை நம்பு' என்ற யோசனை. மணிக்கட்டு நாடியில் விரல் வைத்தபடி கஃப்பில் (கையில் சுற்றும் பிபி பட்டை) காற்றடித்தேன். துடிப்பு மறைந்த பிறகு மீட்டரில் இன்னும் 30 ஏற்றி, விநாடிக்கு 2 அல்லது 3 என்று மெல்ல இறக்கினால், துடிப்பு திரும்பும் இடம்தான் மேல் அளவு. கீழ் அளவு இதில் கிடைக்காது. அதனால் '110, நாடி பார்த்து எடுத்தது' என்றே பதிவில் எழுதினேன். சீனியர் படித்துவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

வண்டி கிளம்பும் முன்பே ஒருமுறை எடுப்பதும் நல்ல வழிதான், ஆனால் அவசரமான நோயாளிக்காக வண்டியை நிறுத்திவைக்க முடியாது. அப்புறம், நோயாளியின் கை ஸ்ட்ரெச்சர் கம்பியில் படாமல் தாங்கிப் பிடித்தால் அதிர்வு நன்றாகக் குறைகிறது.

எதிர்பாராத ஒன்று: ஸ்டெதஸ்கோப்பையே நான் திருப்பி மாட்டியிருந்தேன்! காதில் வைக்கும் முனைகள் மூக்குப் பக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டுமாம். நின்ற வண்டியிலும் ஏன் மங்கலாகக் கேட்டது என்று இப்போதுதான் புரிகிறது. இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

நோயாளி பேசிக்கொண்டே இருந்தால் அளவு ஏறும் என்று தெரிந்தும், 'கொஞ்சம் பேசாமல் இருங்கள்' என்று சொல்ல இன்னும் நா எழவில்லை.