சைக்கிள் கடை எம்.ஜி.ஆர். படத்துக்கு டச்சப் செய்யலாமா?

சைக்கிள்கடைப் பேரன்:
வணக்கம். மதுரையில் தாத்தாவின் சைக்கிள் கடையில் மாட்டியிருந்த எம்.ஜி.ஆர். படம் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. துணியில் பெயின்டால் வரைந்தது, இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சிரித்த முகம். ஊதுபத்திப் புகையும் கிரீஸும் படிந்து பழுப்பாகிவிட்டது. இடது கன்னத்தில் பெயின்ட் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. 1958இல் ‘நாடோடி மன்னன்’ ரிலீசுக்கு மன்றத்தில் வரைய வைத்தது என்று அம்மா சொல்வார். பக்கத்துத் தெருவில் போர்டு எழுதுபவர், புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கீழவாசல்:
உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துப் பாருங்கள், பளிச்சென்று ஆகிவிடும். சாமி படத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம்.

பழைய பேனர்காரன்:
உருளைக்கிழங்கைக் குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார். செதிலுக்கு அடியில் ஈரம் போனால் கன்னம் கையோடு வந்துவிடும்.

ஃப்ளெக்ஸ் வரும்வரை பேனர் வரைந்து பிழைத்தவன் நான். முதலில் வருஷம். 1958 எம்.ஜி.ஆருக்கு அந்தத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கிடையாது. நீங்கள் சொல்வது 1972இல் அண்ணா தி.மு.க. தொடங்கியதை ஒட்டியும் அதற்குப் பிறகும் ஊரெல்லாம் பார்த்த முகம். சினிமா ரிலீசைவிடத் தேர்தலுக்கோ மன்றத் திறப்புவிழாவுக்கோ வரைந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஸ்டில் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டுக்கொள்வோம். அப்புறம் பவுடர் கலரை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து வேலை ஆரம்பமாகும். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், கட்டக்கோடு தெரிந்தாலும் தெரியும்.

டச்சப்பா? வேண்டவே வேண்டாம். பேனர்காரன் கன்னத்தில் ரோஸ் வைப்பான், தாடைக்கு அடியில் பச்சையோ நீலமோ இழுப்பான். கிட்டப் போனால் திட்டுத் திட்டாகத் தெரியும். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் தலைவர் சிரிப்பார். போர்டு எழுதுபவர் அந்தப் பச்சையை அழுக்கு என்று நினைத்து, எனாமலில் ஒரே தோல் நிறமாகப் பூசிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தில் அப்படித்தான் ஆனது. போனது எம்.ஜி.ஆர்., வந்தது யாரோ கல்யாண வீட்டு மாமா.

எழும்பூர்வாசி:
பேனர்காரர் சொல்வதுதான் சரி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புக்கூடம் ஒன்று இருக்கிறது, 1930இல் தொடங்கியது. போட்டோவோடு போய் யோசனை கேளுங்கள். அதுவரை படத்தை முகம் மேலே பார்க்கக் கிடத்தி வையுங்கள். சுருட்டிவிடாதீர்கள், பெயின்ட் இன்னும் உதிரும். செதில் இல்லாத இடத்தில் மட்டும் மிருதுவான பிரஷால் தூசியைத் தட்டலாம். அதற்கு மேல் கை வைக்க வேண்டாம்.

சைக்கிள்கடைப் பேரன்:
பார்த்தேன். கன்னத்தில் இரண்டு பென்சில் கோடு தெரிகிறது, ஒன்றுக்கொன்று குறுக்காக! கீழ் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘ஆர்ட்ஸ்’ என்று இருக்கிறது, அதற்கு முன்னால் இருந்த பெயரைப் பிரேம் தின்றுவிட்டது. அம்மா 1958ஐ விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிறார். போர்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அலமாரிக்குள் வைத்துப் பூட்டலாமா, ஹாலிலேயே இருக்கட்டுமா?

பழைய பேனர்காரன்:
அந்தப் பெயர் பிரேமுக்கு அடியில் மடிந்து கிடக்கலாம். பிரிக்கும்போது கத்தி போடாமல் ஆணியாகப் பிடுங்கச் சொல்லுங்கள்.

அலமாரி வேண்டாம். எண்ணெய்ப் பெயின்ட் இருட்டில் கிடந்தால் இன்னும் மஞ்சளாகும். வெயில் நேராக விழாத, ஈரம் ஏறாத சுவராகப் பாருங்கள், சமையலறைக்கும் பூஜை அறைக்கும் தள்ளி. கண்ணாடி போடுவதாக இருந்தால் பெயின்டில் படாதபடி சுற்றிலும் மெல்லிய ரீப்பர் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டால் பிரிப்பது பெரிய பாடு.