அலாரம் பேனலுக்கு ஆறாம் நிலை அடாப்டர் போட்டால் ஏசி டிரபிள் ஏன்?

கேள்வி: இடம் அமெரிக்கா. அலாரம் பேனலில் 16.5 வோல்ட் ஏசி, 40 விஏ டிரான்ஸ்பார்மர், எப்போதும் சூடு. கரன்ட் மிச்சமாகட்டும் என்று, மின்சிக்கன விதியின் ஆறாம் நிலையைக் காட்டும் ரோமன் ஆறு (VI) முத்திரையுள்ள 12 வோல்ட் 2 ஆம்ப் டிசி அடாப்டர் மாட்டியிருக்கிறது. பேனல் ஓடுகிறது. ஆனால் ஏசி டிரபிள் (சுவர் மின்சாரம் வரவில்லை என்ற எச்சரிக்கை) போகவில்லை, பிறகு பேட்டரி லோவும் சேர்ந்துகொண்டது. பழையது இனிச் சட்டப்படி கூடாதா?

பதில் 1: டிசி அடாப்டரைக் கழற்றுங்கள் சார். 16.5 வோல்ட் ஏசியின் உச்சம் 23 வோல்ட்டுக்கு மேல். பேனல் அதை டிசியாக்கி, அதிலிருந்துதான் பேட்டரிக்கு 13.8 வோல்ட் எடுக்கிறது. உங்கள் 12 வோல்ட்டில் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டையோடுகளே 1.4 தின்றுவிடும், மிஞ்சுவது 10.6. சார்ஜ் ஏறாது, பேட்டரிதான் பேனலை இழுக்கும். ஏசி அலை வராததால் டிரபிளும் நிற்காது.

மாற்றும்போது அலாரத்தை நிஜமென்று எடுத்துக்கொள்ளாதபடி, கண்காணிப்பு நிலையத்தில் டெஸ்ட் மோடு போடச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியின் சிவப்பு வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். மேனுவலில் உள்ள அதே வோல்ட், அதே விஏ, கிளாஸ் 2 (மின்சக்தி மட்டுப்படுத்திய வகை) டிரான்ஸ்பார்மரையே போடுங்கள். சுவர் ஸ்விட்சில் அணையும் பிளக்கில் மட்டும் வேண்டாம். ஒரு நாள் சார்ஜுக்குப் பிறகும், கழற்றி வைத்த பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதிது வாங்குங்கள்.

பதில் 2: சட்டம் பயன்பாட்டைத் தடுக்கவில்லை, தயாரிப்புத் தேதியைத்தான் பார்க்கிறது. ஆறாம் நிலை 2016 பிப்ரவரி 10 முதல். 24 வாட் டிசி அடாப்டர் என்றால் சராசரித் திறன் சுமார் 86 சதவீதம் (25, 50, 75, 100 சதவீத லோடில் அளந்து), லோடு இல்லாதபோது 0.1 வாட்டுக்குள். ஏசி வாங்கி ஏசியே தரும் (ஏசி-ஏசி) அடாப்டருக்கு 0.21 வாட். இரும்புக் கோர் டிரான்ஸ்பார்மர் சும்மா செருகியிருந்தாலே இதைத் தாண்டிவிடும். ஆனால் அலாரத்தில் லோடு எந்நேரமும் உண்டு. அங்கே இந்த லோடு இல்லா வரம்புக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் 20 வாட்டும் அதற்கு மேலும் உள்ள அலாரம், கண்காணிப்பு அமைப்புகளுக்கான ஏசி-ஏசி அடாப்டர்களுக்கு, லோடு இல்லா விதியில் மட்டும் விலக்கு கொடுத்தார்கள். 2017 ஜூலை வரை இருந்த அது 2023 ஜூலை 1 வரை நீண்டது.

கேள்வி: அப்போ அந்த 12 வோல்ட் அடாப்டரை கேமராவுக்குப் போடலாமா?

பதில் 1: கேமராவும் 12 வோல்ட் டிசி என்றால் தாராளமாக. ஆம்பியரை ராத்திரிக் கணக்கில் பாருங்கள், இன்ஃப்ராரெட் எரியும்போதுதான் இழுப்பு அதிகம். அடாப்டர் பின் 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ, நடுமுனை பாசிட்டிவா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.