விமானந்தாங்கிக் கப்பலின் 'ஸ்பேர் பார்ட்': உதிரியா, சேமமா?

அன்புடையீர்,

'ஸ்பேர் பார்ட்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற நம் மடல் உரையாடலில், 'உதிரிபாகம்' என்ற சொல் வழக்கில் ஊன்றிவிட்ட பிறகு வேறு சொல் எதற்கு என்ற வினாவில் நியாயம் இருக்கிறது. ஆயினும், அணுவாற்றலால் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல்கள் பற்றி எழுதும்போது அச்சொல் போதவில்லை என்பதே என் துணிபு. தொடுக்காத பூவை உதிரிப்பூ என்கிறோம். ஆகவே 'உதிரி' என்பது ஒன்றோடொன்று சேராமல் தனித்துக் கிடக்கும் நிலையைச் சொல்கிறதே தவிர, பின்னால் நேரக்கூடிய பழுதை எண்ணி முன்கூட்டியே ஒதுக்கி வைத்ததைச் சொல்லவில்லை.

இக்கப்பல்களில் அவ்வேறுபாடு மிகப் பெரியது. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 50 ஆண்டுகள் உழைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு பாகத்தை வார்த்த ஆலையே அதற்குள் மூடப்பட்டுவிடலாம். 1961இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் கப்பலில் எட்டு அணு உலைகள் இருந்தன. அவ்வகையில் வேறு கப்பல் கட்டப்படவே இல்லை என்பதால், அவசரத்துக்குக் கழற்றித் தரத் துணைக்கப்பல் ஒன்றும் அதற்கு இல்லை. தேய்ந்ததும் மாற்றும் வடிகட்டியையும், ஒருமுறைகூடப் பயன்படாமல் போகலாம் எனினும் இல்லாவிட்டால் கப்பலையே நிறுத்திவிடக்கூடிய பம்பையும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது.

முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட 'மாற்றுறுப்பு' அறுவை மருத்துவத்தை நினைவூட்டுகிறது. 'காப்புறுப்பு' இன்னும் இடர் தரும். அணு உலையருகே 'காப்பு' என்றாலே கதிர்வீச்சுத் தடுப்பைத்தான் வாசகர் எண்ணுவார்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் உமணர் (உப்பு வணிகர்) வண்டியின் 'கீழ்மரத்து யாத்த சேமஅச்சு' என்கிறார். எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை. வண்டியில் பாரமோ பெரிது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ, யார் அறிவார் என்று கருதி உப்பு வணிகர் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டி எடுத்துச் சென்றனர். 'ஸ்பேர்' என்பதன் முழுப் பொருளும் இங்கே இருக்க, நாம் ஏன் புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே வியப்பாக இருக்கிறது. ஆகவே 'சேமப் பாகம்' என்பதை முன்மொழிகிறேன். சேமத்தண்டு, சேமவால்வு என்று பெயர்களோடு அது எளிதாகக் கூடும்; 'சேமப்படை' என்ற வழக்கும் துணை நிற்கிறது.

சேமம் என்பது இன்று நலத்தையும் குறிப்பதால் குழப்பம் வருமே என்று ஒரு நண்பர் கேட்கலாம். சேமப் பாகம் எப்போதும் நலமாக இருப்பதில்லை என்பது உண்மைதான். பிரான்சின் அணுவாற்றல் விமானந்தாங்கிக் கப்பலான சார்ல் து கோல் 2000 நவம்பரில் அட்லாண்டிக்கில் சோதனைப் பயணத்தில் இருந்தபோது அதன் ப்ரொபெல்லர் உடைந்தது. வைத்திருந்த சேமப் ப்ரொபெல்லர்களும் வார்ப்புக் குறையுடையவை என்று தெரியவந்ததால், பழைய கிளெமான்சோ, ஃபோஷ் கப்பல்களின் ப்ரொபெல்லர்களைப் பொருத்தி, மணிக்கு 27 கடல்மைல் என்ற முழு வேகத்தை எட்ட இயலாமலே அது சில ஆண்டுகள் ஓடியது. குறை இருந்தது வார்ப்பில். சொல்லின்மேல் பழி போட வேண்டியதில்லை.

ஒரு கப்பலிலிருந்து கழற்றி இன்னொன்றில் பொருத்துவதற்குத் தனிச்சொல் வேண்டும். அமெரிக்காவின் ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பலுக்காக, கட்டுமானத்தில் இருந்த அதே வகைக் கென்னெடி கப்பலிலிருந்து பாகங்கள் எடுக்கப்பட்டதை 'இரவல் பாகம்' எனலாம். கென்னெடிக்கு ஈடு செய்தாக வேண்டும் அல்லவா? கிளெமான்சோவின் ப்ரொபெல்லருக்கு அது பொருந்தாது, ஏனெனில் அக்கப்பல் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. அதற்கு 'பெயர்ப்புப் பாகம்' என்று எழுதிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பின் சாயல் விழுவதால் எனக்கே நிறைவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் பரிந்துரைகளை எதிர்நோக்குகிறேன்.