வேளாண் மண்டலத்தைக் குடியிருப்பாக மாற்றும் அறிவிப்பு: ஆட்சேபணையை எப்படி எழுதுவது?

கேள்வி: முடிச்சூர் பகுதிவாசி

வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூரை அடுத்த ஒரு நகரில் குடியிருக்கிறேன். எங்கள் கடைசித் தெருவுக்குப் பின்னால் ஏறக்குறைய நான்கு ஏக்கர் தரிசு நிலம் கிடக்கிறது. அதை வேளாண் பயன்பாட்டு மண்டலத்திலிருந்து முதன்மைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருப்பதாகவும், ஆட்சேபணையோ ஆலோசனையோ இருப்பவர்கள் கெடுவுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும், சர்வே எண்களுடன் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அறிவிப்பு சென்ற வாரம் நாளிதழில் வெளியானது. அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். 2015 டிசம்பரில் எங்கள் வீடுகளின் தரைத்தளம் நீரில் நின்றதை மறந்தவர் இங்கே யாருமில்லை.

நலச்சங்கத்தில் ஒரு சாரார், ஒரே கடிதத்தை நகலெடுத்து வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கி அனுப்பலாம் என்கிறார்கள். மற்றவர்களோ, முடிவை எடுத்துவிட்டுத்தான் அறிவிப்பே கொடுக்கிறார்கள், இதெல்லாம் வெறும் கண்துடைப்பு என்கிறார்கள். இப்படிப்பட்ட அறிவிப்புக்கு முறையாக ஆட்சேபணை எழுதியவர்கள், கடிதத்தில் எது எடுபடும், எது எடுபடாது என்று சொல்ல முடியுமா?

பதில்: நகரமைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்

கண்துடைப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்கப்படும் கட்டம் அநேகமாக இது ஒன்றுதான். சென்னைப் பெருநகருக்காக 2008இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தில் அந்த நிலம் எந்த மண்டலத்தில் காட்டப்பட்டிருக்கிறதோ அதை மாற்றுவது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 32(4) பிரிவின்படி அத்திட்டத்துக்குச் செய்யப்படும் திருத்தமாகும். அது தொழில்நுட்பக் குழுவின் பரிசீலனைக்குப் போய், குழுமத்தின் முடிவுக்கு வந்து, பிறகு அரசிதழில் வெளியாகும். மண்டலம் ஒருமுறை மாறிவிட்டால், அடுத்து வருவது 49ஆம் பிரிவின் கீழான திட்ட அனுமதி. அந்தக் கட்டத்தில் வரைபடம் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்களே தவிர, உங்கள் தெருவைக் கேட்க மாட்டார்கள்.

ஒரே வாசகத்தில் இருநூறு கடிதங்கள் போனாலும் கோப்பில் அது ஒரே ஆட்சேபணையாகத்தான் சுருக்கப்படும். காற்றோட்டம் போய்விடும், வெளியாட்கள் வந்துவிடுவார்கள், மனை விலை இறங்கிவிடும் என்பவற்றுக்கு அங்கே மதிப்பில்லை. நீரோட்டம், அணுகுசாலையின் அகலம், நிலத்துக்குள் அடங்கிய புறம்போக்கு ஆகியவற்றுக்குத்தான் பதில் எழுதியாக வேண்டியிருக்கும். 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு, 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர் வேண்டும். ஆகவே நுழைவுச் சாலையை முழு நீளத்துக்கும் நாடா பிடித்து அளந்து, மிகக் குறுகலான இடம் எது, அங்கே எத்தனை மீட்டர் என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

பதில்: மாடம்பாக்கம்வாசி

மேலே சொன்னதோடு, இதேபோன்ற அறிவிப்புக்கு எங்கள் தெருக்காரர்கள் கையாண்ட முறையையும் சேர்க்கிறேன். முதலில், அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், அவற்றைச் சுற்றியுள்ள எண்களுக்கும், வருவாய்த் துறையின் இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டையும் (எந்த எண் யாருடைய நிலம், என்ன வகை என்று காட்டுவது) புலப்பட நகலையும் (அந்த எண்ணின் அளவை வரைபடம்) எடுத்தோம். புலப்படத்தில் இரட்டைக் கோடாக ஓடிய வாய்க்கால் தரையில் இல்லை; அந்த இடத்தில் இடிபாட்டுக் கழிவும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன. ஆனால் தெரு முனையில், சாலைக்கு அடியில் ஒரேயொரு சிமென்ட் குழாய் பதித்த சிறுபாலம் மண் மூடிக் கிடந்தது. வாய்க்கால் அந்த வழியாகத்தான் ஓடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவைப்படவில்லை.

கடிதத்தில் பத்திக்கு ஒரு சர்வே எண் என்ற கணக்கில் எழுதி, புலப்பட நகலையும் தேதியிட்ட படங்களையும் இணைத்து, வட்டாட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் நகல் அனுப்பினோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அரசு ஆவணங்களைக் கேட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், அது வரட்டும் என்று காத்திருந்தால் கெடு கடந்துவிடக்கூடும். ஆட்சேபணையை முதலில் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு நீர்வளத் துறை கொடுத்த, அல்லது கொடுக்கப்போகிற, வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்றின் நகலைக் கேட்டு மனுப் போடுங்கள்.

பதில்: இன்னொரு பகுதிவாசி

எனக்கு இதில் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. நாம் குடியிருக்கும் மனைகளில் பலவும் ஒரு காலத்தில் வயலாக இருந்தவைதான். அங்கீகாரம் இல்லாமல் விற்கப்பட்டு, 2017ஆம் ஆண்டு விதிகளின் கீழ்ப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக் கொண்டவர்கள் நம் சங்கங்களிலேயே இருக்கிறார்கள். அப்படியிருக்க, பக்கத்து நிலத்தில் வீடே வரக்கூடாது என்று எழுதினால் அது எடுபடாது, நியாயமும் ஆகாது. அறிவிப்பில் ஆலோசனை என்ற சொல்லும் இருக்கிறதல்லவா, அதைப் பயன்படுத்துங்கள்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும்; பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. நான்கு ஏக்கருக்கு அது நாற்பது சென்ட் வரை வரும். ஓ.எஸ்.ஆர். எனப்படும் அந்தத் திறந்தவெளி நிலம் மதில் சுவருக்குள் பின்மூலையில் ஒதுக்கப்படாமல், பொதுச் சாலையிலிருந்து யாரும் நுழையும்படி, வாய்க்காலை ஒட்டி அமைய வேண்டும் என்று இப்போதே பதிவு செய்யுங்கள். மண் கொட்டி நிலத்தை உயர்த்துவதைப் பற்றியும் எழுதுங்கள். தாழ்ந்த மனையை மேடாக்கினால் அந்த மனை நனையாது, உண்மைதான். ஆனால் அங்கே தேங்கி நின்ற நீர் உங்கள் கடைசித் தெருவுக்குத்தான் வந்து சேரும். எத்தனை அடி உயர்த்தப்படும், மழைநீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதற்கு வரைபடம் கேட்பது எந்த அதிகாரியும் தள்ளிவிட முடியாத கேள்வி.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. நேற்று ‘அ’ பதிவேட்டைப் பார்த்ததில், அறிவிப்பில் உள்ள இரண்டு சர்வே எண்களுக்கு நடுவே, அறிவிப்பில் இல்லாத ஓர் எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிறது. தரையில் மூன்றும் ஒரே வேலிக்குள் உள்ளன. இதை எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: நகரமைப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைத் தவிர்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: இன்ன எண் அரசு நிலம், விண்ணப்ப நிலத்தை இரண்டாகப் பிரித்து ஓடுகிறது, இப்போது வேலிக்குள் இருக்கிறது. வட்டாட்சியர் முன்னிலையில் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகே மண்டல மாற்றக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேளுங்கள். வாய்க்காலைக் கடந்துதான் பின்பகுதிக்குப் போக முடியும் என்றால், அங்கே பாலம் கட்ட நீர்வளத் துறையின் அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்ற கேள்வியையும் அதே பத்தியில் சேர்த்துவிடுங்கள்.