சட்டையில் போட்டிருக்கும் 40 எதனுடைய அளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வெள்ளைச்சட்டை, சென்னை:

தம்பியின் நிச்சயதார்த்தத்துக்காகத் தி.நகரில் இரண்டு சட்டை எடுத்தோம். ஒன்று ஃபார்மல், இன்னொன்று கேஷுவல், வேறு வேறு கம்பெனி. இரண்டிலும் காலருக்குள் 40 என்றுதான் போட்டிருந்தது. முதல் சட்டை அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. இரண்டாவதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பட்டனுக்குப் பட்டன் வாய் பிளந்து பனியன் தெரிகிறது. மாற்றப் போனால் கடைக்காரர் சொல்கிறார்: "நாப்பதுன்னா நாப்பதுதான் சார். தம்பி கொஞ்சம் வெயிட் போட்டிருப்பாரு." இரண்டும் ஒரே நாளில் எடுத்த சட்டை!

அவர் கழுத்தில் தொங்கிய டேப்பையே வாங்கி, இரண்டையும் மேசைமேல் விரித்து அளந்து காட்டினேன். முதல் சட்டையின் மார்புச் சுற்று 44 அங்குலம். இரண்டாவது 41. அப்புறம் பேச்சில்லை, 42 எடுத்துக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஃபார்மல் சட்டைகளில் வரும் 38, 39, 40, 42, 44 எல்லாம் பெரும்பாலும் காலர் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். 40 என்றால் ஏறக்குறைய பதினைந்தே முக்கால் அங்குலக் கழுத்து. நடுவில் 39 என்று ஒற்றைப்படை எண் வந்தாலே அது மார்பளவு இல்லை என்று பிடித்துவிடலாம். கேஷுவலில் பல கம்பெனிகளுக்கு 40 என்பது மார்பு, அங்குலத்தில். அதிலும் உடம்பின் மார்பா, தைத்து முடித்த சட்டையின் மார்பா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடம்பளவுக்கு மேல் நான்கு அங்குலமாவது லூஸ் இருந்தால்தான் கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்க முடியும். ஸ்லிம் ஃபிட் என்று எழுதிவிட்டால் அதில் பாதியைக் குறைத்துவிடுகிறார்கள்.

நம் ஊர் உடம்புக்கென்று ஒரு பொது அளவுப் பட்டியல் தயாரிக்க, 3டி ஸ்கேனர் வைத்து 25,000 பேருக்கு மேல் அளக்கப்போவதாக மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரியான நிஃப்ட் அறிவித்தது. அதெல்லாம் கடைக்கு வந்து சேரும் வரைக்கும் டேப்தான் கதி. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? அளவு மட்டும் இல்லை, துணி விஷயத்தையும் எழுதுங்கள்.

காஜாபட்டன், மதுரை:

எங்கள் அப்பா டெய்லர். ரெடிமேட் சட்டையைப் பிடித்துத் தரச் சொல்லி யார் வந்தாலும் அவர் பார்வை முதலில் போவது தோள்பட்டைக்கு. கை சேருகிற தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அது இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தால் தொடவே மாட்டார். ஒரு பையன் விலை உயர்ந்த சட்டையைக் கொண்டுவந்து, "அண்ணே, எப்படியாவது ஷோல்டரைப் பிடிச்சுக் குடுங்க, பரிசா வந்தது" என்று கெஞ்சினான். அப்பா சொன்னார்: "தம்பி, இதைப் பிரிச்சா ரெண்டு கையையும் கழட்டணும், தோளுக்குப் பின்னால இருக்கிற யோக்கை வெட்டணும், அதுக்கப்புறம் காலர் உக்காராது. கொண்டுபோய் உங்க அண்ணனுக்குக் குடுத்துருங்க." கூலி போனாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பக்கவாட்டில் பிடிக்கலாம், கைநீளம், உடம்பு நீளம் குறைக்கலாம். தோளும் காலரும் வாங்கும்போதே சரியாக இருக்க வேண்டும். காலர் பட்டனைப் போட்டுவிட்டு இரண்டு விரல் உள்ளே போகிறதா பாருங்கள், போதும்.

அடுத்தது, சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். கடையில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். பக்கத் தையலில் துணி ஓரம் வெளியே தெரியாமல் மடித்து இரட்டைத் தையல் ஓடியிருந்தால் நல்ல வேலை. துணி ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கிற வெறும் ஓவர்லாக் மட்டும் போட்டு நூல் தொங்கினால், நாலு சலவைக்குப் பிறகு பிசிறு பிரியத் தொடங்கும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிப் பாருங்கள். பதினாலுக்கு மேல் இருந்தால் கவனமாகத் தைத்திருக்கிறார்கள். எட்டு, ஒன்பது என்றால் மெஷினை வேகமாக ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். கட்டம் போட்ட சட்டையாக இருந்தால் பாக்கெட்டின் கோடும் பின்னால் இருக்கும் கோடும் ஒன்றோடு ஒன்று சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ப்பதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும், நேரமும் ஆகும். அந்தச் செலவைச் செய்தவன் மற்ற இடத்திலும் ஏமாற்ற மாட்டான் என்பது அப்பாவின் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

காலர் விறைப்பாக நிற்க அதற்குள் வைக்கிற கேன்வாஸ்தான் பலருக்குத் தெரியாத இடம். இப்போது பெரும்பாலும் பசை தடவிய கேன்வாஸைச் சூடுவைத்து ஒட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, நன்றாக ஒட்டினால் வருஷக்கணக்கில் அசையாது. மட்டமாக ஒட்டியதில் தண்ணீர் பட்டுப் பட்டு, காலர் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இஸ்திரி போட்டு அமுக்கினாலும் மறுபடி வரும். கடையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். காலர் நுனியை லேசாகச் சுருட்டி விடுங்கள். மேல்துணி தனியாக வழுக்கிக்கொண்டு வந்தால் வேண்டாம். தைத்துச் சேர்த்த கேன்வாஸிலும் துணி கொஞ்சம் நகரும்தான், ஆனால் அந்த வேலை விலை கூடிய சட்டையில்தான் வரும்.

கனிமார்க்கெட், ஈரோடு:

மொத்த ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறேன். திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் முழுக்க இங்கே வாரச்சந்தை, வெளி மாநில வியாபாரிகள் வரைக்கும் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் தீப்பெட்டியோடு வந்தார். ஒவ்வொரு பிட்டிலும் ஒரு நூலை உருவிக் கொளுத்தி, முகர்ந்து பார்த்து, "இது சுத்தக் காட்டன், இது டூப்ளிகேட்" என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் அவர் சுத்தக் காட்டன் என்று ஆசையாக எடுத்துவைத்தது ரேயான்!

கொளுத்திப் பார்ப்பது பாலியஸ்டரைப் பிடிக்கத்தான் உதவும். பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி உருகும், ஆறியதும் கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகிவிடும். ரேயானும் அப்படியேதான் எரியும், ஏனென்றால் அது மரக்கூழிலிருந்து எடுக்கிற நூல். அதைப் பிடிக்க வேண்டுமானால் நூலின் நடுவில் எச்சில் தொட்டு ஈரமாக்கி இழுங்கள். ரேயான் ஈரமான இடத்திலேயே பொட்டென்று அறுந்துவிடும். பருத்தி ஈரத்தில் வலுக்கூடும். அவருக்கு இதைச் செய்து காட்டினேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

மொடமொடப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். மட்டத் துணிக்குக் கஞ்சி ஏற்றி மொடமொடப்பாக்குவது பழைய வித்தை. ஓரத்தை இரண்டு கையாலும் கசக்கித் தேய்த்தால் வெள்ளையாகத் தூள் உதிரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பாவுக்கும் ஊடைக்கும் நடுவே சந்து தெரியும். ஒரு சலவைக்குப் பிறகு அது கொசுவலைதான்.

கவுண்ட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளச் சிட்டம் (நூல் சுருள்) எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். 40 என்றால் 40 சிட்டம், 100 என்றால் 100 சிட்டம், அதாவது நூல் அவ்வளவு மெல்லியது. தினமும் ஆபீஸ் போகிறவருக்கு 50, 60 கவுண்டில் நெருக்கமாக நெய்தது நன்றாக உழைக்கும். 100 கவுண்ட் வழவழப்பாக இருக்கும், பார்க்கவும் அழகு, ஆனால் கல்லில் அடித்துத் துவைக்கிற வீட்டுக்கு ஆகாது. ஒற்றை இழையா, 2/100 என்று இரட்டை முறுக்கா என்றும் கேளுங்கள், இரட்டை என்றால் உறுதி கூடும்.

இன்னொன்று, டி.சி. துணியை ஏளனமாகப் பேசாதீர்கள். பாலியஸ்டர் 65, பருத்தி 35 கலந்த துணி சுருங்காது, சீக்கிரம் காயும், இஸ்திரி அதிகம் வேண்டாம். யூனிஃபார்முக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? குறை என்றால், சித்திரை வெயிலில் வேர்வையை இழுக்காது, நாளாக நாளாகக் கழுத்தோரம் நூல் மணிமணியாக உருளும். டி.சி.யைக் காட்டன் என்று சொல்லி விற்பதுதான் தப்பு. பிட்டாக எடுக்கும்போது துணியின் கரையைப் பாருங்கள், மில் துணியில் கலப்பு விகிதத்தை அங்கேயே அச்சடித்திருப்பார்கள். கரையை வெட்டிவிட்டுத் தருகிற கடையில் ஏன் என்று கேளுங்கள்.

புறக்கோட்டை, கொழும்பு:

இங்க ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சின சேர்ட்டுகள் நிறையக் கிடைக்கும். லேபிளை வெட்டியிருப்பாங்கள், தையல் நல்ல தரம். ஆனால் அளவு வெள்ளைக்காரருக்கு. என்னுடைய மீடியம் அங்க ஸ்மோல். கொலர் 15½ என்று அங்குலத்தில இருந்தால் 39 என்று எடுங்கோ. கை நீளம் எப்படியும் வெட்டவேணும்.

அம்பத்தூர் அக்கா:

இவருக்குச் சட்டை எடுப்பது என் பொறுப்பு. கடைக்கே வரமாட்டார், ஆன்லைனில்தான். நான் செய்வது: அவருக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்வேன். வயிற்றுப் பக்கமும் தனியாக அளப்பேன், அவருக்கு அங்கேதான் பிரச்சினை. விற்கிற பக்கத்தில் சட்டையின் அளவு என்று தெளிவாகப் போட்டிருந்தால்தான் வாங்குவேன். வெறும் எல், எக்ஸ்எல் என்றால் அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

கைத்தறிச் சட்டை மட்டும் கோ-ஆப்டெக்ஸ் போய் எடுப்போம், தீபாவளித் தள்ளுபடி சமயத்தில். கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் உள்வாங்கும். மில் துணியில் சான்ஃபரைஸ்டு என்று முன்கூட்டியே சுருக்கிவிடுகிறார்கள், 1930-லேயே வந்த முறை. கைத்தறித் துணியாக எடுத்துத் தைப்பதானால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அப்புறம் டெய்லரிடம் கொடுங்கள். அவசரத்தில் என் மாமனார் ஊறப்போடாமலே கொடுத்துவிட்டார், இப்போது அந்தச் சட்டை என் பையனுக்கு.

ஈரோட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி: 500 ரூபாய்க்கு லினன் சட்டை என்று விளம்பரம் வருகிறதே, உண்மையா?

கனிமார்க்கெட், ஈரோடு:

இல்லைங்க அக்கா. லினன் ஆளிச்செடித் தண்டின் நார். நல்ல நார் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்துதான் அதிகம் வருகிறது. அதைச் சட்டையாகத் தைத்து 500-க்குத் தர வழியே இல்லை. நீங்கள் பார்த்தது லினன் மாதிரி தடிப்பும் மெலிவுமாக நூற்ற பருத்தியோ, ரேயான் கலப்போ ஆக இருக்கும். லேபிளின் உள்பக்கம் பொடி எழுத்தில் உண்மை இருக்கும். அசல் லினனை உள்ளங்கையில் ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள், கூர்மையாக மடிப்பு விழுந்து அப்படியே நிற்கும். மடிப்பே விழாத லினன் என்று யாராவது சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வெள்ளைச்சட்டை, சென்னை:

காஜாபட்டன் அண்ணே, தம்பிக்கு மாற்றி எடுத்த 42-இல் தோள் சரியாக இருக்கிறது, இடுப்புப் பக்கம்தான் தொளதொளவென்று நிற்கிறது. பின்னால் டார்ட் (துணியை உள்பக்கம் மடித்துத் தைப்பது) பிடிக்கலாமா, பக்கத்தில் பிடிக்கலாமா?

காஜாபட்டன், மதுரை:

இரண்டு அங்குலம் வரை என்றால் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் பின்னால் இரண்டு டார்ட். ஆனால் ஒரு தடவை துவைத்த பிறகு கொடுங்கள்.