கும்மிடிப்பூண்டி முகாமில் ஆய்வும் சுவர் ஓவியமும்: அனுமதி, சம்பளம், பெயின்ட் (புனைபெயரில் பேசும் நால்வரின் கேள்வி-பதில்)

எல்லையோரம்:
நான்கு மாதத் திட்டம். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிளஸ் டூவும் டிகிரியும் முடித்த எட்டுப் பேர், படிப்பிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் எங்கே இடறுகிறது என்று தாங்களே விசாரிக்கணும். தெரிந்ததை ஒரு பொதுச் சுவரில் (10 அடிக்கு 8 அடி) வரையணும். சிப்காட்டிலும், ஆந்திரா பக்கம் தடா, ஸ்ரீசிட்டியிலும் வேலைக்கு வழி காட்டணும். யாரிடம் அனுமதி? எவ்வளவு கொடுப்பது? நவம்பரில் தொடங்கலாமா?

மாலைவகுப்பு:
முகாம் தலைவர் "வாங்க" என்று சொன்னால் மட்டும் போதாது. சென்னையிலுள்ள மறுவாழ்வுத் துறை ஆணையரகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, நகலை கலெக்டர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். யார் வருகிறார்கள், எந்தெந்த நாள், என்ன கேட்பீர்கள், ஒலிப்பதிவு உண்டா, எல்லாம் அதில் இருக்கட்டும். கேள்வித்தாளையும் இணையுங்கள். கியூ பிரிவு (தமிழ்நாடு காவல்துறையின் உளவுப் பிரிவு) விசாரிக்கும்போது காட்ட ஒரு நகல் கையில் வேண்டும்.

தணிக்கை நாளிலும் (முகாமில் அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் நாள்) பணக்கொடை நாளிலும் (அரசு மாத உதவித்தொகை தரும் நாள்) கூட்டம் வைக்காதீர்கள். பாதிப் பேர் பெயின்டிங் வேலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள், அதனால் ஞாயிறுதான் தோது. எட்டுப் பேருக்கும் அன்றைய பெயின்டிங் கூலியை விசாரித்து அதற்குக் குறையாமல் கொடுங்கள். சான்றிதழும் பிஸ்கட்டும் கொடுத்து முடிக்கிற திட்டங்களை முகாம் நிறையப் பார்த்துவிட்டது. அறிக்கையில் அவர்களை ஆய்வாளர்களாகப் போடுங்கள். ஆனால் பெயர் அச்சில் வரலாமா என்பதை முதலிலும் அச்சுக்கு முன்பும் இரண்டு முறை கேளுங்கள். முதலில் சரி என்றவர் பிறகு வேண்டாம் என்பார். அதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

"எப்படி வந்தீர்கள்" என்ற கேள்வியே வேண்டாம். இவர்கள் இங்கே பிறந்தவர்கள். "கடைசி இன்டர்வியூவில் என்ன காகிதம் கேட்டார்கள், நீங்கள் எதைக் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார்" என்று கேட்டால் ஆய்வுக்கு வேண்டியது தானாக வரும். போனில் படம் எடுப்பதற்கு முன் லொகேஷனை அணையுங்கள். வீட்டு எண் படத்தில் விழக்கூடாது.

உப்புத்தாள்:
நவம்பர் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும், மேலே அடித்த பெயின்ட் கொப்புளமாகக் கிளம்பும். விசாரணையை அப்போது முடித்துவிட்டு, சுவரை பிப்ரவரிக்கு வையுங்கள். அப்போதும் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் இன்னும் காயவில்லை. புது சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் கழியணும், இல்லாவிட்டால் உப்புப் பூத்து நிறம் வெளுக்கும்.

பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டணும். இதைத்தான் எல்லோரும் பாதியில் விடுவார்கள், அப்புறம் ஓவியம் பட்டை பட்டையாக உரியும்போது பெயின்டைத் திட்டுவார்கள். பிறகு வெள்ளை சிமென்ட் பட்டி, 120 நம்பர் உப்புத்தாள், துடைப்பு. 80 சதுர அடிக்கு எக்ஸ்டீரியர் பிரைமர் 1 லிட்டர், வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர். அடர் நிறம் வேண்டுமென்றால் கடை மெஷினில் கலந்து வாங்குங்கள். ஸ்டெயினரை (நிறம் சேர்க்கும் திரவம்) வெள்ளையில் தாராளமாக ஊற்றினால் சரியாகக் காயாது, மழையில் வழியும்.

இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஆள் கூட்டி வராதீர்கள். முகாமிலேயே கைதேர்ந்த பெயின்டர்கள் இருக்கிறார்கள், அவர்களே பயிற்றுநர், அவர்களுக்கும் கூலி உண்டு. என்ன வரைவது என்பதைப் பசங்களிடம் விடுங்கள். படகும் முள்வேலியும் வரையச் சொல்ல யாராவது ஒருவர் வருவார், விடாதீர்கள்.

வெளிப்பதிவு:
வேலை விஷயத்தில் கம்பெனி எச்.ஆரிடம் முதல் நாளே பேசுங்கள். கடைசி நாளில் ஆன்லைன் படிவத்தில் 'நாட்டுரிமை' கட்டம் வரும்போதுதான் வேலை ஆர்டர் நின்றுபோகும். ஆதார் குடியுரிமைச் சான்று இல்லை, அதை வைத்து 'இந்தியன்' என்று நிரப்ப விடாதீர்கள், பின்னால் அவர்கள் தலையில்தான் விடியும். ஷிப்ட் பட்டியலில் தணிக்கை நாள் காலியாக இருக்கணும். தடா பக்கம் தங்கி வேலை என்றால் முகாம் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். பி.எம்.கே.வி.ஒய் என்ற மத்திய அரசின் திறன் பயிற்சி இந்தியக் குடிமக்களுக்கானது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2021 ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாய் திட்டத்தில் முகாம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சியும் இருந்தது, அந்த வழியில் கேளுங்கள்.

இன்னொன்று, எட்டுப் பேரின் பெற்றோர் பிறந்த தேதியும் இடமும் பாருங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் சட்டப்படி குடிமகன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அப்படி ஒரு பெற்றோர் இருந்து, பிள்ளை 2004 டிசம்பர் 3-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் அவருக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இன்னொரு பெற்றோரின் நிலையும் பார்க்கப்படும், வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

எல்லையோரம்:
நன்றி. சுவர் பிப்ரவரிக்கு மாறிவிட்டது. பெற்றோர் பிறப்புச் சான்று இல்லாவிட்டால்?

வெளிப்பதிவு:
பிறந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு, அது இல்லாவிட்டால் அந்த ஊர்ப் பிறப்புப் பதிவாளர். பெயரின் எழுத்தும் இனிஷியலும் முகாம் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள், பாதி மனு அங்கேதான் திரும்பி வருகிறது.