சனிக்கிழமை வகுப்புக்கு யார் வருகிறீர்கள்?

குடும்பக் குழு, சனிக்கிழமை இரவு

[8:12] நான்: பெரும்பாக்கம் பறை வகுப்பு முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். இன்றோடு 11 வாரம். அடுத்த மாதத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு பேர் தேவை. நம் வீட்டில் யாராவது வர முடியுமா?

[8:15] வேளச்சேரி அத்தை: நல்ல காரியம் கண்ணு. பிள்ளைகள் ஆடுகிற போட்டோ இரண்டு போடேன், பார்ப்போம்.

[8:17] நான்: போட்டோ போடக் கூடாது அத்தை, சேரும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் படம் முன்பின் தெரியாதவர்கள் போனில் சுற்றினால் நமக்கு எப்படி இருக்கும்? நேரில் வாருங்கள்.

[8:18] வேளச்சேரி அத்தை: அதுவும் சரிதான். பரணில் பழைய துணி, பொம்மை எல்லாம் மூன்று மூட்டை இருக்கிறது. கொடுத்து அனுப்பவா?

[8:22] நான்: துணி வேண்டாம் அத்தை. உங்கள் சனிக்கிழமையில் 3 மணி நேரம்தான் வேண்டும். கூவம் கரையிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த குடும்பங்கள். அப்பா அம்மாவுக்கு வேலை இன்னும் பழைய இடத்தில்தான். விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அதுவரை அந்த எட்டு மாடியில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள்.

[8:30] பெரியப்பா: சேவை செய்வது சந்தோஷம். ஆனால் பறை எதற்கு? பாட்டு, பரதம் என்றால் பின்னால் உதவும். சாவுக்கு அடிப்பதைப் போய்க் கற்றுக்கொடுப்பதா?

[8:41] நான்: கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள் பெரியப்பா. வகுப்பில் 12 வயதுப் பையன் ஒருவன். புது அடி சொல்லிக்கொடுத்தால் மற்றவர்கள் தெரியாமல் தடுமாறுவார்கள், இவன் வேண்டுமென்றே தப்பாக அடிப்பான். ஆசான் கண்டுபிடித்துவிட்டார். "இது பழகின கையாச்சே, யாரிடம் கற்றாய்?" என்றார். பதில் இல்லை. நான்காவது வாரம் துண்டில் சுற்றி, பறை அடிக்கிற சுண்டுக்குச்சி ஒன்றைக் கொண்டுவந்தான். மெல்லிய மூங்கில், பிடிக்கிற இடம் மட்டும் தேய்ந்து கறுத்திருந்தது. தாத்தாவுடையதாம். அவர் சாவுக்கு அடித்தவர்தான் பெரியப்பா. அதைச் சொல்லிக் கூடப் படிப்பவர்கள் கேலி செய்ததால் தெரியாதவன் மாதிரி நடித்திருக்கிறான். பரதம்தான் கலை என்று நாமும் போய் நின்றால், அவன் தாத்தா கையில் இருந்தது கலையே இல்லை என்று சொன்னதாகிவிடும்.

[8:46] தம்பி: தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், உணவோடு பறையையும் சேர்த்துத்தான் சொல்கிறது பெரியப்பா. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025ல் பறைக்காகத்தான் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

[8:52] பெரியம்மா: திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி குழுவில் பெண்களே பறையடித்து ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் வருகிறேன். ஆனால் எனக்கு அடிக்கத் தெரியாதே?

[8:58] நான்: தெரிய வேண்டாம் பெரியம்மா, கற்றுக்கொடுப்பது ஆசான். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. கலைஞரிடம் இலவசமாகக் கேட்கக் கூடாது என்று வகுப்பு நடத்தும் அமைப்பில் உறுதியாக இருக்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நமக்கு வருகைப் பதிவு, சலங்கை கட்டிவிடுவது, சின்னதுகளின் சண்டை. ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு கேட்பார்கள். அப்புறம், 6 மாதமாவது விடாமல் வர வேண்டும். போன தடவை ஒருவர் பாதியில் நின்றுவிட்டார், இரண்டு வாரம் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

[9:20] பெரியப்பா: குச்சி விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவுக்கு அவர்களைக் கூப்பிடலாமா? கமிட்டியில் நான் பேசுகிறேன்.

[9:24] நான்: ஆசானிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுச் சொல்கிறேன் பெரியப்பா. வந்தால் வேனும் சன்மானமும் வேண்டும். மைக்கில் 'ஏழைக் குழந்தைகள்' என்று சொல்லக் கூடாது, பறைக்குழு என்றால் போதும். சாப்பாடும் எல்லோரோடும் ஒரே பந்தியில்.

[9:26] பெரியப்பா: பந்தி என் பொறுப்பு.

[9:31] மதுராந்தகம் சித்தப்பா: இன்று அடித்த மழைக்குப் பறைத் தோல் தொய்ந்திருக்குமே. எப்படிக் காய்ச்சினீர்கள்?

[9:33] நான்: அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொளுத்தினோம் சித்தப்பா. புகைதான் வந்தது, சூடு ஏறவில்லை. இரண்டு பறை கடைசிவரை 'தொப் தொப்' என்றே கேட்டது. இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது?

[9:37] மதுராந்தகம் சித்தப்பா: இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? வைக்கோல் போரில் நிறையக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை காய்கறி வண்டியில் நான்கு கட்டு ஏற்றிவிடுகிறேன். எந்த பிளாக் என்று சொல். நனையாமல் வைக்க இடம் இருக்கிறதா?

[9:38] நான்: சமூகக்கூடத்துக்குப் பின்னால் ஒரு ஷெட் இருக்கிறது சித்தப்பா. சாவி வாங்கி வைக்கிறேன்.